வெங்காய அழுகல் ரத்தத்துக்கு வந்த வழி

குயிலாப்பாளையத்தில் மழை ஓய்ந்ததும் ஓடைகளில் இறங்கும் தண்ணீர் செக்கச்செவேலென்று இருக்கும். வானூர் வட்டத்தின் இந்தக் கடலோர மேட்டில் சவுக்கும் முந்திரியும் மல்லாட்டையும் வளர்வது அந்தச் செம்மண்ணில்தான். அதில் ஒரு சிட்டிகை, ஒரு கிராம், எடுத்தாலே கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் இருக்கும். எரு போட்டு வளர்த்த தோட்ட மண் என்றால் கணக்கு நூறு கோடியைத் தொடும். கொல்லையில் களை எடுப்பவரின் நகக்கண்ணிலும், வெறுங்காலோடு வரப்பில் நடப்பவரின் விரலிடுக்கிலும் ஒட்டிக்கொண்டு இவை தினமும் வீடு வரை வருகின்றன. யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

அவற்றில் சிலவற்றின் பெயர்கள் எப்போதாவது ஆஸ்பத்திரி லேப் ரிப்போர்ட்டில் அச்சாகி வரும். பர்க்கோல்டேரியா செபேசியா, ஸ்டெனோட்ரோபோமோனாஸ் மால்டோபிலியா, எலிசபெத்கிங்கியா, ஓக்ரோபாக்ட்ரம். தாளை வாங்கிப் பார்க்கும் இளம் டாக்டர் முதல் வேலையாகக் கைப்பேசியில் அந்தப் பெயரைத் தேடுவார். 'அரிய கிருமி' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவைப்பார். நம் ரத்தத்தில் அது அரிதுதான். மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் அதைவிடச் சாதாரணமானது எதுவும் இல்லை. ஆகவே 'இது எவ்வளவு கொடியது?' என்று கேட்பதற்கு முன்னால் 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேட்க வேண்டும். ரத்தத்தில் கிடைக்கும் அரிய பாக்டீரியாவின் பெயர், அது புறப்பட்ட இடத்தின் முகவரியும்கூட. முகவரியைப் படிக்கத் தெரிந்த மருத்துவமனைகள் ஆட்களைக் காப்பாற்றியிருக்கின்றன.

செபேசியாவிலிருந்தே தொடங்குவோம். 1940களில் நியூயார்க் மாநிலத்து வெங்காய விவசாயிகளுக்கு ஒரு தொல்லை. அறுவடை செய்த வெங்காயத்தின் வெளித்தோல் சரியாகத்தான் இருக்கும். உள்ளே ஓரிரண்டு அடுக்குகள் மட்டும் கொழகொழத்து, புளித்த வாடை அடிக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாவர நோய் ஆய்வாளர் வால்டர் பர்க்கோல்டர் இதற்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1950இல் கட்டுரை எழுதினார். பின்னாளில், 1992இல், அந்தப் பேரினத்துக்கே அவர் பெயர் வைக்கப்பட்டது. மனிதர்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று அவர் நினைத்திருக்க மாட்டார். 1971இல் ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலத்தில் பயிற்சி எடுத்த அமெரிக்கச் சிப்பாய்களின் கால் புண்களில் இதே கிருமி கிடைத்தது. அப்போதும் யாரும் பெரிதாகப் பயந்துவிடவில்லை.

பயப்படக் காரணம் இருந்தது. நமக்குப் பழக்கமான ஈ.கோலையைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு பெரிய மரபணுத் தொகுதி இந்தக் கூட்டத்துக்கு உண்டு. அதுவும் ஒன்றாக இல்லை, மூன்று குரோமோசோம்களாகப் பிரிந்து கிடக்கிறது. மண்ணில் எது கிடைத்தாலும் தின்னப் பழகிய உயிரின் மரபணு அப்படித்தான் பருத்திருக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரில், உணவென்று சொல்ல எதுவுமே இல்லாத இடத்தில்கூட, செபேசியா பெருகும். பென்சிலினை மட்டுமே உணவாகக் கொடுத்தபோதும் அதைத் தின்று வளர்ந்த ரகங்களை 1970களின் இறுதியில் கண்டுபிடித்தார்கள். கிருமியைக் கொல்லக் கொடுக்கும் மருந்து அதற்குச் சாப்பாடு! கிருமிநாசினித் திரவங்கள் சிலவற்றுக்குள்ளும் அது உயிரோடு இருக்கும். இப்படிப்பட்ட ஒன்றுக்கு மருந்துத் தொழிற்சாலையின் தண்ணீர்க் குழாய் நல்ல இருப்பிடம்.

ஆனால் மண்ணிலோ தண்ணீரிலோ மருந்திலோ இருப்பது ரத்தத்துக்குள் வருவதற்கு வாசல் வேண்டும். ஏறத்தாழ இரண்டு சதுர மீட்டர் தோலில் இயற்கை அப்படி ஒரு வாசலை வைக்கவில்லை. நாம் வைத்தோம்.

கையில் குத்தும் சின்ன வென்ஃப்ளான் ஊசியை எல்லோரும் பார்த்திருப்போம். இங்கே பேசுவது அதன் பெரிய அண்ணனைப் பற்றி. கழுத்திலோ தோள்பட்டை எலும்புக்குக் கீழேயோ பெரிய ரத்தநாளம் ஒன்றில் நுழைத்து, நுனி இதயத்தின் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும்படி வைக்கும் குழாய். மருத்துவமனையில் 'சென்ட்ரல் லைன்' என்பார்கள், நோயாளிகள் 'கழுத்து டியூப்' என்பார்கள். 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஊரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற 25 வயது டாக்டர் தன் கை நரம்பு வழியாகத் தானே 65 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு குழாயைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார். சக டாக்டர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்த அந்தச் செயலுக்கு 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று தீவிர சிகிச்சைப் பிரிவும் கீமோதெரபியும் டயாலிசிஸும் குறைமாதக் குழந்தைகளின் உயிரும் இந்தக் குழாயை நம்பித்தான் இருக்கின்றன.

குயிலாப்பாளையம் பக்கத்தில் இதை அதிகம் சுமப்பவர்கள் சிறுநீரகம் செயலிழந்தவர்கள். கோரிமேட்டு ஜிப்மருக்கோ காலாப்பட்டு பிம்ஸுக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ திண்டிவனத்துக்கோ வாரத்தில் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வருவார்கள். கையில் ரத்தநாளங்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டு, அது முதிர்ந்து பயன்படச் சில வாரங்கள் பிடிக்கும். பலர் மூச்சு வாங்கியபடி கடைசி நேரத்தில் வந்து சேருவதால் முதல் டயாலிசிஸ் கழுத்துக் குழாயில்தான் தொடங்கும். 'தற்காலிகம்' என்று போட்ட குழாய் மாதக்கணக்கில் தங்கிவிடுவதும் உண்டு.

அப்படி ஒருவரை மனைவி கூட்டி வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"சிஸ்டர், மிஷின்ல போட்டு அரை மணிகூட ஆவல, இவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது."

"போர்வைய நல்லா போத்துங்கம்மா. காலைல வீட்ல ஜுரம் இருந்துச்சா?"

"வீட்ல நல்லாத்தான் இருந்தாருங்க. இங்க வந்து ஏத்துனாதான் இப்படி. போன வாட்டியும் இதே கதைதான்."

அந்த அம்மா சொன்ன கடைசி இரண்டு வாக்கியங்களில் பாதி நோய்க்கணிப்பு முடிந்துவிட்டது. வீட்டில் நன்றாக இருந்தவருக்குக் குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியதும் குளிர் நடுக்கம் வருகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது குழாயைத்தான். நல்ல சிஸ்டர் இதைக் காதில் வாங்கி, பாராசிட்டமால் போட்டு அனுப்பிவிடாமல், டியூட்டி டாக்டரைக் கூப்பிடுவார்.

அடுத்து செய்ய வேண்டியது பிளட் கல்ச்சர். ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்கு முன்பே, குழாயிலிருந்து ஒருமுறையும் கை நரம்பிலிருந்து ஒருமுறையும் ரத்தம் எடுத்து, ஒவ்வொரு புட்டியிலும் 8 முதல் 10 மில்லி விட்டு, ஒரே நேரத்தில் லேபுக்கு அனுப்ப வேண்டும். புட்டிகள் இயந்திரத்துக்குள் 37 டிகிரி வெப்பத்தில் ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே கிருமி பெருகி கரியமில வாயுவை விட்டதும் இயந்திரம் குரல் கொடுக்கும். எந்தப் புட்டி முதலில் குரல் கொடுக்கிறது என்பதில்தான் சூட்சுமம். குழாய் ரத்தம் கை ரத்தத்தைவிட 120 நிமிடமாவது முந்திக்கொண்டால் கிருமியின் குடியிருப்பு குழாய்தான் என்று முடிவுசெய்யலாம். கிருமி அதிகம் இருக்கும் புட்டி சீக்கிரம் நிரம்பும் என்ற எளிய கணக்கு. இதற்கும் முந்தியது 1977இல் அமெரிக்கர் டென்னிஸ் மாக்கி சொன்ன வழி. எடுத்த குழாயின் நுனியை வெட்டி வளர்ப்புத் தட்டில் நாலு முறை உருட்டிவிட்டு, மறுநாள் முளைக்கும் கிருமிக் கூட்டங்களை எண்ணுவது. பதினைந்தோ அதற்கு மேலோ இருந்தால் குழாய்தான் குற்றவாளி. விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லாத லேபிலும் இன்றைக்கும் செய்யலாம். ஆனால் இதற்குக் குழாயை எடுத்தாக வேண்டும், அதுதான் இதிலுள்ள குறை.

குழாயின் உட்சுவரில் கிருமி தனித்தனியாக உட்கார்ந்திருப்பதில்லை. ஒட்டியதும் சர்க்கரைப் பொருளால் ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் அடுக்கடுக்காகக் குடியேறும். மாடித் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தடவினால் கையில் வழுக்குகிறதே, அதேதான். பயோஃபிலிம் என்ற பெயர் மட்டும் ஆய்வகம் கொடுத்தது. ரத்தத்தில் மிதக்கும் கிருமியை அழிக்கும் அளவு மருந்து, இந்தப் பசைக்குள் இருப்பதை ஒன்றும் செய்யாது. அதனால்தான் ஆன்டிபயாடிக் போட்டதும் காய்ச்சல் விட்டு, நிறுத்தியதும் திரும்ப வருகிறது. அரிய பாக்டீரியா விஷயத்தில் பெரும்பாலும் குழாயை எடுத்தே தீர வேண்டும் என்று டாக்டர்கள் பிடிவாதமாக இருப்பதும் இதனால்தான்.

வழக்கமாக இந்த வாசலில் நுழைவது யார்? தோலிலேயே வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ், குடலிலிருந்து வரும் கிளெப்சியெல்லா, ஈ.கோலை, ஆஸ்பத்திரியையே வீடாக்கிக்கொண்ட அசினெட்டோபாக்டர், அப்புறம் கேண்டிடா பூஞ்சை. 2017 மே முதல் 2018 அக்டோபர் வரை இந்தியாவின் 26 மருத்துவமனைகளில் 89 தீவிர சிகிச்சைப் பிரிவுகளைக் கண்காணித்த ஓர் ஆய்வு 2022இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. சிகிச்சைக்கு வந்த இடத்தில் ஏற்பட்ட ரத்தத் தொற்று 2,622 முறை பதிவாகியிருந்தது. கிருமிகளில் ஏறத்தாழ கால் பங்கு கிளெப்சியெல்லா. எண்ணிக்கையில் பார்த்தால் செபேசியா வகையறாவெல்லாம் வால்பகுதிதான். இருந்தாலும் ஒரு கிளெப்சியெல்லாவை வைத்துக்கொண்டு அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. நோயாளியின் குடலாக இருக்கலாம், பக்கத்துக் கட்டிலாக இருக்கலாம், யாரோ ஒருவரின் கையாக இருக்கலாம். ஒரே வாரத்தில் இரண்டு பேர் ரத்தத்தில் செபேசியா வந்தால் அப்படியில்லை. அது நோயாளிகளின் குடலிலிருந்து வந்திருக்காது. எங்கோ ஒரு திரவம் கெட்டிருக்கிறது, அந்தத் திரவம் இருவர் உடம்பிலும் ஏறியிருக்கிறது.

இந்தப் பாடத்தை உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1970 ஜூலையிலிருந்து அமெரிக்க மருத்துவமனைகளில் டிரிப்ஸ் ஏற்றியவர்களுக்கு ரத்தத்தில் இரண்டு கிருமிகள் கிடைக்கத் தொடங்கின: எண்டரோபாக்டர் குளோயேசி, எண்டரோபாக்டர் அக்ளோமெரன்ஸ். பின்னது செடிகளின் இலையிலும் தண்டிலும் வாழ்வது, ஆஸ்பத்திரியில் அதுவரை யாரும் மதிக்காதது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் வீட்டுச் சிக்கல் என்று நினைத்துத் தன் ஊழியர்களின் கையைத்தான் சந்தேகித்தது. நாடு முழுக்க இதே ஜோடிக் கிருமிகள் வருகின்றன என்பதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதுதான் நூல் நுனி கிடைத்தது. எல்லா இடத்திலும் ஒரே கம்பெனியின் குளுக்கோஸ் பாட்டில்கள். அந்தக் கம்பெனி சற்று முன்னர்தான் திருகு மூடிகளின் உள்பக்க அட்டையை மாற்றிப் புதிய பிளாஸ்டிக் போட்டிருந்தது. அந்தப் பிளாஸ்டிக்குக்கும் மூடிக்கும் நடுவில் கிருமிகள் பதுங்கியிருந்தன. திறக்காத பாட்டில்களின் மூடியிலும் இருந்தன. மூடியைத் திருகித் திறக்கும்போது சில உள்ளே விழும். அறை வெப்பத்தில் குளுக்கோஸ் கரைசலில் ஒரே நாளில் மில்லிக்கு லட்சத்தைத் தாண்டிப் பெருகும்.

அவ்வளவு கிருமி இருந்தும் பாட்டில் கலங்குவதில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு 'நல்லாதான் இருக்கு' என்று மாட்டுவது நம் வார்டுகளிலும் வழக்கம். மில்லிக்குப் பத்து லட்சம் இருந்தாலும் கண்ணுக்குத் தெளிவாகத்தான் தெரியலாம். 1971 மார்ச்சில் அந்தப் பாட்டில்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன, தொற்றும் நின்றது. 25 மருத்துவமனைகளில் 378 பேர் பாதிக்கப்பட்டதாகக் கணக்கு. டிரிப்ஸ் செட்டை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற விதி அந்தப் பயத்தில் வந்ததுதான். பாட்டில்கள் சீரான பிறகு, பின்னாளில் அது 72, 96 மணி நேரம் என்று தளர்ந்தது.

நம் நாட்டிலும் இதே கதை வேறு உருவில் நடந்தது. மும்பையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கீமோதெரபிக்குக் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் நோயாளிகளுக்கு, சென்ட்ரல் லைன் வழியாக மருந்து ஏறிய பிறகு குளிரும் காய்ச்சலும் வந்தன. ரத்தத்தில் செபேசியா. இவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டிப் பழகியவர்கள் அல்லர், ஒரே வார்டில் தங்கியவர்களும் அல்லர். எல்லோருக்கும் பொதுவாக என்ன ஏறியது என்று தேடியபோது கீமோவுக்கு முன்னால் வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் ஊசி மருந்தில் வந்து நின்றது விசாரணை. தொழிற்சாலையிலேயே கலந்துவிட்ட அசுத்தம் அது. அந்த மருந்தை நிறுத்தினார்கள், காய்ச்சல்கள் நின்றன. 2015இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் மைக்ரோபயாலஜியில் இதை அவர்களே எழுதினார்கள். எழுதினார்களே, அதற்காகவே பாராட்ட வேண்டும். தன் வார்டில் தொற்று பரவியதை வெளியில் சொல்லும் மருத்துவமனைகள் குறைவு. இது ஏதோ மருந்து என்று அவர்கள் யோசிக்க முடிந்தது, கிருமிக்குப் பெயர் வைத்து அடையாளம் காணும் லேப் கையில் இருந்ததால்தான். அது இல்லாத ஊரில் அதே மருந்து ஏறியிருந்தால் 'புற்றுநோய்க்காரர்களுக்குக் காய்ச்சல் வரத்தானே செய்யும்' என்று முடிந்திருக்கும்.

எல்லா முகவரியும் மருந்துக் கம்பெனிக்கே போவதில்லை. ஜப்பானில் ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2006இல் டிரிப்ஸ் குழாய் போட்டவர்களின் ரத்தத்தில் பேசில்லஸ் செரியஸ் தொடர்ந்து கிடைத்தது. அது பழைய சோற்றிலும் மண்ணிலும் கிடக்கும் கிருமி, வித்துகளாக மாறிக் கொதிநீரையும் தாங்கும். துவைத்து வந்த படுக்கை விரிப்பிலும் துண்டிலும் இருந்து அது பிடிபட்டது. நர்ஸின் கை சுத்தமாக இருந்திருக்கலாம், துடைத்த துண்டு சுத்தமாக இல்லை.

இட்லி சாப்பிடும் நாட்டில் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று லியூக்கோநோஸ்டாக். அரைத்து வைத்த உளுந்து மாவு இரவில் பொங்குவதற்கு முக்கியக் காரணம் லியூக்கோநோஸ்டாக் மெசென்டராய்டஸ் என்ற பாக்டீரியாதான் என்று 1965இல் ஓர் ஆய்வு காட்டியது. வேடிக்கை என்னவென்றால் அதைச் செய்ததும் கார்னெல்காரர்கள்தான். வெங்காயம், இட்லி இரண்டுமே அங்கேதான் பஞ்சாயத்துக்குப் போயிருக்கின்றன! ஸ்பெயினின் வடமேற்கில் ஹுவான் கனலேஹோ மருத்துவமனையில் 2003 ஜூலை முதல் 2004 அக்டோபர் வரை 42 நோயாளிகளை இதே இனம் தாக்கியது. வாயால் சாப்பிட முடியாதவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் ஊட்டச்சத்துக் கரைசல்தான் மூலம் என்று முடிவுக்கு வந்தார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் மாவைக் கொட்ட வேண்டாம். வெந்த இட்லியில் அது உயிரோடு இருக்காது, புளித்த மாவே வயிற்றுக்குள் போனாலும் குடல் அதைச் சமாளித்துக்கொள்ளும். ரத்தத்துக்குள் சர்க்கரைக் கரைசலோடு நேராக விடும்போதுதான் கதை மாறுகிறது.

லியூக்கோநோஸ்டாக்கிடம் இன்னொரு விசேஷம் உண்டு. அதற்கு வான்கோமைசின் பிறவியிலேயே வேலை செய்யாது. குழாய்த் தொற்று என்றதும் டாக்டர்கள் முதலில் கை நீட்டும் மருந்துகளில் வான்கோமைசின் ஒன்று. ஆனால் லியூக்கோநோஸ்டாக்குக்குப் பழைய பென்சிலின் பெரும்பாலும் போதும். ஸ்டெனோட்ரோபோமோனாஸ் இன்னும் பொல்லாதது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பெரிய ஆயுதமாக நினைக்கும் மெரோபெனெத்தை அது தானே சுரக்கும் நொதியால் உடைத்துப்போடும். மெரோபெனெம் ஏறிக்கொண்டிருக்கும்போதே, மற்ற கிருமிகள் செத்து ஒழிந்த இடத்தில் இது செழிக்கும். இதற்கு முதலில் நினைவுக்கு வருவது கோட்ரைமாக்சசோல், நம் வீடுகளில் செப்ட்ரான் என்று அறிந்த அதே பழைய மருந்து. செபேசியாவுக்குக் கடைசி ஆயுதமான கொலிஸ்டின் பலிக்காது. 1959இல் எலிசபெத் கிங் என்ற அமெரிக்க ஆய்வாளர் பச்சிளங்குழந்தைகளின் மூளைக்காய்ச்சலில் கண்டு விவரித்த எலிசபெத்கிங்கியாவுக்கு மெரோபெனெமும் பலிக்காது, கொலிஸ்டினும் பலிக்காது. பெயர் தெரியாமல் மருந்தின் விலையை மட்டும் ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். கல்ச்சர் எடுக்காமல் முதல் நாளே மெரோபெனெம் தொடங்குவது நம் பக்கத்துச் சிறு நர்சிங் ஹோம்களில் ஒரு பழக்கமாகிவிட்டது. அக்கறையால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் மருந்து ஏறிய பிறகு எடுக்கும் ரத்தத்தில் கிருமி முளைக்காமல் போகலாம், அப்புறம் முகவரி கிடைக்கவே கிடைக்காது.

முகவரி தப்பாக வருவதும் உண்டு. 1980இல் நியூயார்க் மருத்துவமனைகள் சிலவற்றில் பல நோயாளிகளின் ரத்தத்தில் செபேசியா வந்தது, ஆனால் அவர்களுக்கு அதற்கான நோய்க்குறி இல்லை. ரத்தம் எடுக்குமுன் தோலைத் துடைக்கும் பொவிடோன் அயோடின், நாம் பெட்டாடின் என்பது, அதற்குள்ளேயே கிருமி இருந்தது. கிருமியைக் கொல்லும் திரவத்திலிருந்து ஊசி வழியாக ரத்தப் புட்டிக்குள் போய்விட்டது. நோயாளிகள் தேவையில்லாத ஆன்டிபயாடிக்கை வாங்கிக்கொண்டார்கள். அமெரிக்க மருந்துத் தர நூல் செபேசியாவுக்கென்று தனிச் சோதனையை 2019 டிசம்பரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வெங்காயக் கட்டுரை வெளிவந்து 69 ஆண்டுகள் கழித்து.

சில வழக்குகளில் முகவரி கடைசி வரை கிடைப்பதில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2015, 2016இல் எலிசபெத்கிங்கியா 63 பேரைத் தாக்கியது, 18 பேர் இறந்தார்கள். தண்ணீர், மருந்து, முகப்பூச்சு, உணவு என்று தேடாத இடமில்லை. மூலம் எது என்று இன்றுவரை தெரியவில்லை.

நம் வார்டுகளுக்கு வருவோம். இங்கே சலைன் பெரும்பாலும் ஓரளவு விறைப்பான பிளாஸ்டிக் பாட்டிலில் வருகிறது. திரவம் இறங்க உள்ளே காற்றுப் போக வேண்டும் என்று பாட்டிலின் மேல்பக்கத்தில் ஒரு ஊசியைக் குத்திவிடுவார்கள். வார்டின் காற்றும் தூசியும் அந்த ஊசி வழியாகக் கரைசலுக்குள் போகும். தானாகச் சுருங்கும் பைகளுக்கு இந்த ஊசி தேவையில்லை. அர்ஜென்டினா, பிரேசில், இத்தாலி, மெக்சிகோ நாடுகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் திறந்த பாட்டிலிலிருந்து மூடிய பைக்கு மாறியபோது, குழாய் போட்ட ஆயிரம் நாட்களுக்கு 10.1 ஆக இருந்த ரத்தத் தொற்று 3.3 ஆகக் குறைந்தது. 2011இல் வெளியான கணக்கு இது. பைக்கு விலை அதிகம், உண்மைதான். ஒரு ரத்தத் தொற்றுக்கு ஆகும் மருந்தையும் படுக்கையையும் கணக்குப் பார்த்தால் அந்த விலை பெரிதாகத் தெரியாது. இன்னொன்று, ஒரே அரை லிட்டர் சலைன் பாட்டிலில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, வார்டில் உள்ள எல்லோருடைய குழாயையும் அதிலிருந்து எடுத்துக் கழுவிவிடும் பழக்கம். காலையில் ஒரு கிருமி உள்ளே போனால் சாயங்காலத்துக்குள் பத்துப் பேர் ரத்தத்தில் இருக்கும். இது உடனே நிற்க வேண்டும். இதற்குச் செலவு என்று பார்த்தால் நோயாளிக்கு ஒரு சிறு ஆம்பூல் அல்லது தனிப் பாட்டில், அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் நர்ஸைத் திட்டக் கிளம்புகிறவர்கள் உண்டு. இரவுப் பணியில் ஒரு சிஸ்டர் எத்தனை கட்டில்களுக்கு ஓடுகிறார் என்பதைப் பார்த்த யாரும் திட்ட மாட்டார்கள். கை கழுவும் தொட்டி வார்டின் கோடியில் இருந்தால், குழாயில் மருந்து ஏற்றும் திருகு இணைப்பான த்ரீ-வேயை ஒவ்வொரு முறை தொடும் முன்னும் அவர் அங்கே போய்வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கட்டில் தோறும் சானிடைசர் புட்டி தொங்கவிடுவதும், ஆட்களைக் கூட்டுவதும் நிர்வாகத்தின் வேலை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இது நிர்வாகத்தின் வேலையாகத்தான் நடந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பீட்டர் புரோனோவோஸ்ட் ஐந்து வரிப் பட்டியல் ஒன்றைப் போட்டார். கை கழுவு, உடம்பு முழுக்க மூடும் துணி போர்த்து, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடை, தொடைப்பக்கம் குழாய் போடுவதைத் தவிர், தேவை முடிந்ததும் குழாயை எடு. டாக்டர் ஒன்றை விட்டால் நர்ஸ் நிறுத்தலாம், அந்த அதிகாரத்தை நிர்வாகம் எழுத்தில் கொடுத்தது. புதிய மருந்து, புதிய கருவி எதுவும் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடுமட்டமாக ஆயிரம் குழாய் நாட்களுக்கு 2.7 ஆக இருந்த தொற்று மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது. 2006இல் இது வெளியானது. அதற்கு அடுத்த ஆண்டு ஏழு இந்திய நகரங்களின் மருத்துவமனைகளிலிருந்து வந்த கணக்கு 7.92. அந்த ஐந்து வரியில் நம்மால் வாங்க முடியாத பொருள் எதுவும் இல்லை. நர்ஸ் டாக்டரை நிறுத்தலாம் என்பதுதான் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கிருமிகளின் மருந்து எதிர்ப்பைப் பின்தொடர இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இல் தொடங்கிய வலையமைப்பில் ஜிப்மரும் வேலூர் சி.எம்.சி.யும் மைய ஆய்வகங்கள். ஆகவே குயிலாப்பாளையத்திலிருந்து ஒருவர் பேருந்தேறிப் போகக்கூடிய தூரத்தில் எந்த விநோதக் கிருமிக்கும் பெயர் சொல்லும் வசதி இருக்கிறது. அந்தப் பெயர் மறுநாளே நோயாளி படுத்திருக்கும் வார்டுக்கு வந்து சேர வேண்டும், அதே வாரத்தில் இன்னொருவருக்கும் அதே பெயர் வந்ததா என்று யாராவது ஒருவர் பார்க்க வேண்டும். அதற்கென்று ஒரு நர்ஸை நியமித்திருக்கும் மருத்துவமனையை நான் நம்புவேன்.

நீங்கள் டாக்டராகவோ நர்ஸாகவோ இல்லாவிட்டாலும் உங்களால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது கழுத்தில் குழாய் இருந்தால், குழாயில் ஏற்றியதும் குளிருகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள், வெட்கப்படாமல் "பிளட் கல்ச்சர் எடுத்துட்டீங்களா?" என்று கேளுங்கள். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் கேட்க வேண்டியது "சார், இந்த லைன் இன்னைக்கும் வேணுமா?" என்பது. அதிகப்பிரசங்கித்தனம் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும், மிச்சிகன் பட்டியலின் ஐந்தாவது வரியும் அதே கேள்விதான்.